ரொறன்ரோவில் புதிய உயர்மாடி: தரிப்பிடத் தகராறில் எதைக் கேட்டால் கிடைக்கும்

தெருமுனையில் பெரிய அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கிறது. 45 மாடி, 400 வீடு, நிலத்தடியில் 50 கார் விட இடம். அன்று மாலையே வாட்ஸப் குழுவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மிச்சம் 350 வீட்டுக்காரரும் காரை எங்கே விடப்போகிறார்கள்?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நகரசபைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும். 2021 டிசம்பரில் ரொறன்ரோ நகரசபை, புதிய குடியிருப்புக் கட்டடங்கள் இத்தனை தரிப்பிடமாவது கட்டியே ஆகவேண்டும் என்ற விதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. இப்போது இருப்பது உச்ச வரம்பு. கட்டுபவர் அதற்கு மேலே போகக்கூடாது. கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். நிலத்தடியில் ஒரு கார் விடும் இடத்தைக் கட்ட 48,000 முதல் 160,000 டொலர் வரை ஆகிறது என்று அப்போது நகரசபை அறிக்கையே கணக்குச் சொன்னது. அந்தச் செலவு கார் இல்லாதவரின் வீட்டு விலையிலும் வாடகையிலும்தான் வந்து ஏறுகிறது. அதன்மேல், 2024 ஜூனில் ஒன்ராறியோ அரசு நிறைவேற்றிய சட்டமூலம் 185, பாதுகாக்கப்பட்ட பெரிய போக்குவரத்து நிலையப் பகுதி (சப்வே போன்ற நிலையங்களைச் சுற்றியுள்ள இடம்) என்று குறிக்கப்பட்ட இடங்களில் எந்த மாநகரமும் கார்த் தரிப்பிடத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றே சொல்லிவிட்டது.

ஆக, "இடம் போதாது, இன்னும் 200 கட்டச் சொல்லுங்கள்" என்ற கோரிக்கைக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. பேசி வெல்லக்கூடியவை வேறு: தெருவோரம், டெலிவரி வான்கள் நிற்குமிடம், குப்பை லொறி திரும்பும் வழி, மாற்றுத்திறனாளிக்கான இடம், தெருவில் காரை விடுவதற்கான தெருவோர பெர்மிட், ஏற்கெனவே அங்கே வாடகைக்கு இருப்பவர்களின் கார் இடம். தெருவில் தினமும் சண்டை மூட்டுவதும் இவைதான்.

கோப்பைக் கையில் எடுங்கள்

பலகையில் விண்ணப்ப எண்ணும், கோப்பைப் பார்க்கும் பிளானரின் (நகரசபைத் திட்டமிடல் அதிகாரியின்) தொடர்பும் இருக்கும். நகரசபை இணையத்தளத்தில் விண்ணப்பத் தகவல் மையம் என்ற பக்கத்தில் முகவரியைப் போட்டால் வரைபடங்கள் எல்லாம் திறக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை நான்கு: தரைத்தள வரைபடம், நிலத்தடித் தள வரைபடங்கள், போக்குவரத்து ஆய்வறிக்கை, திட்டமிடல் விளக்க அறிக்கை. எல்லாவற்றையும் இறக்கிச் சேமித்து, எந்தத் திகதிப் பதிப்பு என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். விண்ணப்பம் இரண்டு மூன்று தடவை திருத்தி மீண்டும் போடப்படும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசுகிறவர் முதல் நிமிடத்திலேயே மதிப்பை இழந்துவிடுவார்.

பிளானரிடம் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காணி நிலையப் பகுதி எல்லைக்குள் வருகிறதா? எந்தத் தரிப்பிட வலயம்? இது சோனிங் மாற்றமா (காணியில் எதை, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற விதியை மாற்றுவது), சிறு விலக்கா (அந்த விதியிலிருந்து சின்ன விலகல்), அல்லது தள வரைபட ஒப்புதல் மட்டுமா (கட்டடம், வாசல், ட்ரைவ்வே எங்கே என்ற விவரங்களுக்கான ஒப்புதல்)? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சோனிங் மாற்றம் என்றால் சட்டப்படி பொதுக்கூட்டம் உண்டு. தள வரைபட ஒப்புதலை 2022 ஜூலையிலிருந்து அதிகாரிகளே கொடுக்கிறார்கள். அங்கே பொதுமக்களுக்கு மேடை கிடையாது. "ட்ரைவ்வே விவரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிறகு வரும்போது உங்களை அழைக்கமாட்டார்கள்.

இங்கிலிஷ் சிரமமான பெரியவர்கள் 311ஐ அழைத்துத் தமிழ் வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கூட்டத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் கவுன்சிலர் அலுவலகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

வரைபடத்தில் எங்கே பார்ப்பது

முதலில் தரைத்தளம். குப்பை லொறிக்கான இடத்தைத் தேடுங்கள். 31 வீடு முதல் 399 வீடு வரை உள்ள கட்டடத்துக்கு டைப் ஜி லோடிங் இடம் (லொறி நின்று ஏற்றி இறக்கும் இடம்) ஒன்று வேண்டும்: 13 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், தலைக்கு மேல் 6.1 மீற்றர் உயரம். 400 வீட்டிலிருந்து அதோடு டைப் சி ஒன்றும் சேரவேண்டும்: 6 மீற்றர் நீளம், 3.5 அகலம், 3 உயரம். விண்ணப்பத்தில் 399 வீடு என்று இருந்தால் ஏன் என்று இப்போது புரியும். டைப் சி இல்லாத கட்டடத்தில் ஒருவர் வீடு மாறும் நாளன்று குப்பை லொறியும் வந்தால், மூவிங் லொறி தெருவில்தான் நிற்கும். 390க்கு மேல் வீடு உள்ள விண்ணப்பம் எதற்கும் இரண்டாவது லோடிங் இடத்தைத் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, லொறி திரும்பும் பாதையைக் காட்டும் வரைபடம். போக்குவரத்து அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். வண்டியின் உருவமும் அது வளைந்து போகும் கோடுகளும் வெவ்வேறு நிறத்தில் வரையப்பட்டிருக்கும். திரையில் 400 விழுக்காட்டுக்குப் பெருப்பித்து அந்தக் கோட்டை விரலால் பின்தொடருங்கள். எங்காவது தூணைத் தொடுகிறதா, எதிர்ப்பக்கத் தெருவோரத்தில் இப்போது கார்கள் நிற்கும் இடத்துக்கு மேலாகப் போகிறதா? வரைபடத்தில் தெரு எப்போதும் வெறுமையாக இருக்கும். உண்மையில் அங்கே ஆறு கார் நிற்கும். ஜனவரியில் இரண்டு பக்கமும் அரை மீற்றர் ஸ்னோ மேடு வேறு இருக்கும். லொறி உள்ளே முன்பக்கமாக நுழைந்து, உள்ளேயே திரும்பி, முன்பக்கமாக வெளியே வரவேண்டும். பொதுத்தெருவுக்கு ரிவேர்ஸில் வருவதாகக் கோடு காட்டினால், அதுவே உங்கள் முதல் கேள்வி. எதிர்வீட்டுக் கார்களை நிரந்தரமாக அகற்றினால்தான் அந்த வளைவு சாத்தியம் என்றால், அதையும் அறிக்கை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பின்பு நிலத்தடித் தளங்கள். ஒரு தரிப்பிடம் 5.6 மீற்றர் நீளம், 2.6 அகலம், 2.0 உயரம். பக்கத்தில் சுவரோ தூணோ இருந்தால் அந்தப் பக்கத்துக்கு 0.3 மீற்றர் கூட வேண்டும். இரு பக்கமும் தடை என்றால் 3.2. நேர்கோணத்தில் நிறுத்தும் இடத்துக்கு முன்னால் உள்ள ஓடுபாதை 6 மீற்றர். மாற்றுத்திறனாளிக்கான இடம் 3.4 அகலம், 2.1 உயரம், பக்கத்திலே 1.5 மீற்றர் நடைபாதை. கார்த் தரிப்பிடமே கட்டாத கட்டடத்துக்கும் மாற்றுத்திறனாளி இடத்துக்கான கணக்கு 2022 விதியில் தனியாக உண்டு. அது எத்தனை என்று பிளானரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சக்கரநாற்காலி ஏற்றும் வான் வந்து நிற்கும் இடத்திலிருந்து லிஃப்ட் வரை படியில்லாமல் போகமுடிகிறதா என்று வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். இந்த ஒரு விடயத்தில் நகரசபை அதிகாரிகள் உங்களோடு நிற்பார்கள்.

விசிட்டர் பார்க்கிங்கில் பலர் ஏமாறுகிறார்கள். டவுன்டவுனை உள்ளடக்கிய ஏ வலயத்தில் 2 இடமும் அதோடு வீட்டுக்கு 0.01 இடமும்தான் விதி. 400 வீடு என்றால் மொத்தம் 6. வெளி வலயங்களில் 2 இடமும் அதோடு வீட்டுக்கு 0.05 இடமும் என்பதால் அதே 400 வீட்டுக்கு 22 வரும். நிலையப் பகுதி எல்லைக்குள் வந்தால் அதையும் கட்டாயப்படுத்த முடியாமல் போகலாம். எனவே எண்ணிக்கையை விட, அந்த ஆறும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். நிலத்தடி மூன்றாம் தளத்தில் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருந்தால் எந்த விருந்தாளியும் அங்கே போகமாட்டார், பராமரிப்பு நேர்ஸும் போகமாட்டார். முதல் தளத்தில், கேட்டுக்கு முன்னால் வேண்டும் என்பது செலவில்லாத கோரிக்கை. கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தெருவை நீங்களே எண்ணுங்கள்

கட்டுபவரின் நிபுணர் அறிக்கை கொண்டுவருகிறார். அதற்கு எதிரே நிற்கக்கூடியது உங்கள் சொந்த எண்ணிக்கை மட்டுமே. கையெழுத்து மனு இதற்கு ஈடாகாது. இரண்டு பேர், ஒரு அளவு நாடா, மூன்று இரவு போதும்.

முதலில் சட்டப்படி எத்தனை கார் நிற்கலாம் என்று பாருங்கள். தெருவின் ஒரு பக்கம் 120 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சந்தியிலிருந்து 9 மீற்றருக்குள் நிறுத்தக்கூடாது. இரு முனைக்குமாக 18 போகிறது. தீயணைப்புக் குழாய்க்கு இரு பக்கமும் மும்மூன்று மீற்றர், அது 6. நான்கு ட்ரைவ்வே, ஒவ்வொன்றும் 3.5, அது 14. மிச்சம் 82. ஒரு காருக்கு 6 மீற்றர் என்றால் 13 கார் வருகிறது. ஆனால் இப்படி மொத்தமாகப் பிரிப்பது பிழை. இரண்டு ட்ரைவ்வேக்கு இடையே 10 மீற்றர் இருந்தால் அங்கே ஒரு கார்தான் நிற்கும், 1.6 கார் நிற்காது. ஒவ்வொரு இடைவெளியையும் தனியாக அளந்து, தனியாகக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள். 13 என்று வந்தது 10 ஆகக் குறையலாம். எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் குறை தேடுவது இங்கேதான்.

பிறகு கார்களை எண்ணுங்கள். தெருவோர பெர்மிட் உள்ள பல தெருக்களில் இரவு 12.01 முதல் காலை 7 மணி வரை பெர்மிட் நேரம். அதற்குள் இரண்டு வார நாள் இரவுகள், அதோடு ஒரு சனி மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும். நீண்ட வார இறுதி, பாடசாலை விடுமுறை, ஸ்னோ கொட்டிய மறுநாள் வேண்டாம். கட்டடத்திலிருந்து 200 மீற்றர் நடைத் தூரத்துக்குள் உள்ள எல்லாத் தெருவையும் சேருங்கள். 85 விழுக்காடு நிரம்பிய தெருவைப் போக்குவரத்துத் துறையினர் நடைமுறையில் நிறைந்த தெருவாகவே எடுக்கிறார்கள். உங்கள் எண்ணிக்கை 60 விழுக்காடு என்று வந்தால் அதையும் நேர்மையாக ஒத்துக்கொண்டு, இரவுத் தரிப்பிடம் என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். பொய்யாக ஊதினால் மற்ற நல்ல வாதங்களும் சேர்ந்து அடிபடும்.

டெலிவரி வான்: கூட்டத்தை அசைக்கும் கணக்கு

இரவில் நிற்கும் கார்களை விட, பகலில் இரண்டு நிமிடம் நிற்கும் வண்டிகளே இப்போது தெருவை முடக்குகின்றன. கார் இல்லாத 350 வீட்டுக்காரருக்கும் சாமான் வரும், சாப்பாடு வரும், ஊபர் வரும். தரிப்பிடம் குறைவான கட்டடத்துக்கு வாசலில் நிறுத்தும் இடம் கூடுதலாக வேண்டும். இந்த வாதம் நகரசபைக் கொள்கையோடு முரண்படாது, அதிலிருந்தே பிறக்கிறது. அதனால்தான் எடுபடுகிறது.

பக்கத்தில் ஏற்கெனவே மக்கள் குடிவந்துவிட்ட, ஏறக்குறைய இதே அளவுள்ள கொண்டோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வார நாளில் மாலை 4 முதல் 8 வரை வாசலுக்கு எதிரே நின்று 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக எழுதுங்கள்: என்ன வண்டி, எங்கே நின்றது, எத்தனை நிமிடம், சைக்கிள் பாதையையோ ஓடும் பாதையையோ மறித்ததா. ஒரு மணி நேரத்தில் 12 வண்டி, சராசரி 6 நிமிடம் என்று வந்தால் 72 வண்டி நிமிடம். ஓர் இடம் மணிக்கு 60 நிமிடத்துக்கு மேல் தராது. வண்டிகள் வரிசை பார்த்து வருவதுமில்லை. மூன்று ஒன்றாக வரும், பிறகு கால் மணி நேரம் ஒன்றும் வராது. ஆகவே இரண்டு இடம் கட்டாயம், மூன்று நல்லது. கட்டுபவரின் வரைபடத்தில் எத்தனை? பல விண்ணப்பங்களில் பூச்சியம்.

கேட்கவேண்டியதைத் துல்லியமாகக் கேளுங்கள்: கட்டடத்தின் சொந்தக் காணிக்குள், நடைபாதையை வெட்டாமல், தபால் அறைக்கு அருகில், மூன்று வண்டி நிற்கும் இடம். "தெருவில் லேபை (தெருவோரத்தில் வண்டி ஒதுங்கி நிற்கும் குழிவு) வெட்டித் தருகிறோம்" என்று பதில் வரும். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அது பொது இடம். அங்கே யாரும் வந்து நிற்கலாம், நடைபாதையும் ஒடுங்கும். பின்பக்கம் சந்து இருந்தால் வாகன நுழைவை அங்கே வைக்கச் சொல்லுங்கள்.

தெருவோர பெர்மிட்

புதிய கட்டடத்தில் குடிவருவோருக்குத் தெருவோர பெர்மிட் கிடையாது என்று நகரசபை குறிப்பிட்ட முகவரியை விலக்கிவைக்க முடியும். பல உயர்மாடிகளுக்கு இது செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தில் தனிப் பந்தியாக இதைக் கேளுங்கள். வீடு வாங்குவோரின் ஒப்பந்தத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் எச்சரிக்கை வாசகமாக இடம்பெற வேண்டும் என்றும் சேருங்கள். வாங்குபவர் சாவி கையில் வந்தபிறகு அறிந்து கதறுவது எவருக்கும் நல்லதல்ல. புதிய கொண்டோ வாங்க நினைக்கும் நம்மவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்: தரிப்பிடம் வீட்டு விலைக்குள் இல்லை, பெர்மிட்டும் கிடைக்காது என்றால், கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வீடு பொருந்தாது.

உங்கள் கட்டடத்தின் கார் விடும் தரையிலேயே புதிய மாடி வந்தால்

சென் ஜேம்ஸ் டவுனிலும் ஸ்காபரோவிலும் நம்மவர்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கும் பழைய உயர்மாடிகளைச் சுற்றி அகலமான திறந்த தரிப்பிடங்கள் உண்டு. புதிய கோபுரத்தை அங்கே நட்டால் நிலத்துக்குப் புதிதாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இது மற்றவற்றிலிருந்து வேறுபட்ட வழக்கு. இங்கே இழக்கப்போவது உங்கள் ஒப்பந்தத்திலேயே உள்ள இடம்.

ஒன்ராறியோ குடியிருப்பு வாடகைச் சட்டத்தில் "சேவைகளும் வசதிகளும்" என்பதற்குள் தரிப்பிடமும் அடங்கும். கட்டட உரிமையாளர் அதைக் குறைத்தாலோ எடுத்தாலோ, வாடகைக் குறைப்புக் கேட்டு வீட்டுக்காரர் வாடகையாளர் சபையில் டி3 என்ற படிவத்தைப் போடலாம். குறைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போடவேண்டும். அது தாண்டினால் உரிமை போய்விடும். இன்றே செய்யவேண்டியது: வாடகை ஒப்பந்தத்தில் தரிப்பிட எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மாதாமாதம் பார்க்கிங்குக்குக் கட்டிய பணத்தின் ரசீதுகளையும், கட்டடப் பராமரிப்பாளர் (சூப்பர்) கொடுத்த ஸ்ரிக்கரின் படத்தையும், உங்கள் கார் அந்த எண்ணில் நிற்கும் படத்தையும் திகதியோடு சேமியுங்கள். "கட்டடம் வரப்போகிறது, இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று தரும் எந்தப் புதிய தரிப்பிட ஒப்பந்தத்திலும் வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அநேகமாக அது 60 நாள் அறிவித்தலில் எடுத்துவிடலாம் என்ற வகையிலான தாளாக இருக்கும்.

பிளானரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். பழைய கோபுரத்துக்கு அது கட்டப்பட்ட காலத்தில் தனியாகப் போட்ட சோனிங் விதியில் எத்தனை தரிப்பிடம் என்று எழுதியிருக்கிறது? கட்டுமானம் நடக்கும் மூன்று நான்கு வருடமும் இப்போதைய குடித்தனக்காரரின் கார்கள் எங்கே நிற்கும்? இரண்டாவதற்கு வாய்ப்பேச்சில் பதில் வாங்காதீர்கள். கட்டம் கட்டமான வரைபடம், மாற்றிடத்தின் முகவரி, கட்டடத்திலிருந்து நடைத் தூரம், இரவு வெளிச்சம், மாதக் கட்டணம் மாறாது என்ற வாசகம், இத்தனையும் ஒப்புதலுக்கு நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

கடிதமும் கூட்டமும்

முதலில் கவுன்சிலரும் பிளானரும் நடத்தும் ஆலோசனைக் கூட்டம். பிறகு, டவுன்டவுனுக்கு ரொறன்ரோ ஈஸ்ட் யோர்க் சமூக சபையிலும் ஸ்காபரோவுக்கு ஸ்காபரோ சமூக சபையிலும் (அந்தந்தப் பகுதிக் கவுன்சிலர்களின் குழு) சட்டப்படியான பொதுக்கூட்டம். அதற்குக் குறைந்தது 20 நாள் முன்னதாக அறிவித்தல் வரும். ஆனால் பிளானரின் அறிக்கை அதற்குள் எழுதி முடிந்திருக்கும். உங்கள் எண்ணிக்கையும் கடிதமும் பல மாதம் முன்பே, முதல் வரைபடம் வந்த சில கிழமைக்குள் அவர் கோப்பில் இருக்கவேண்டும்.

கடிதம் இரண்டு பக்கம். முதல் வரியில் விண்ணப்ப எண்ணும் முகவரியும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பந்தி: வரைபடத்தின் எண், அதில் உள்ள குறை, உங்கள் அளவு, வேண்டிய திருத்தம். எண்ணிக்கை அட்டவணையை இணைப்பாக வையுங்கள். ஒரே கடிதத்தை 80 பேர் பெயர் மாற்றி அனுப்பினால் அது ஒரு கடிதமாகவே வாசிக்கப்படும். அதைவிட நான்கு வீட்டுக்காரர், ஒவ்வொருவரும் தமக்கு நேரே தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுவது பலன் தரும்: ஒருவர் குப்பை லொறி, ஒருவர் பாடசாலை நேரம், ஒருவர் சக்கரநாற்காலி, ஒருவர் இரவு எண்ணிக்கை.

எழுதக்கூடாதவையும் உண்டு. "எங்கள் வீட்டு விலை குறையும்" என்பது திட்டமிடல் காரணமாக ஏற்கப்படாது. "வாடகைக்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்களோ" என்ற வார்த்தை ஒன்று போதும், முழுக் கடிதத்தையும் கெடுக்க. அப்படி எழுதுவது பிழையும்கூட. நம் பெற்றோர் இந்த நகரத்துக்கு வந்திறங்கியபோது அவர்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான்.

சமூக சபையில் பேசுவதற்கு நகர எழுத்தர் அலுவலகத்தில் முன்பதிவு செய்யவேண்டும். வழக்கமாக ஐந்து நிமிடம். பேச்சாளர்கள் கூடினால் மூன்றாகக் குறைப்பார்கள். மூன்று நிமிடத்துக்கே தயாரியுங்கள். ஒரே ஒரு படம் காட்டுங்கள்: லொறிக் கோட்டின் மேல், உண்மையில் அங்கே நிற்கும் ஆறு கார்களையும் வரைந்த படம்.

சோனிங் மாற்றத்துக்கு 90 நாளும், நகரத்தின் வளர்ச்சிக்கான அதிகாரபூர்வத் திட்டத்தின் மாற்றமும் சேர்ந்தால் 120 நாளும் தாண்டி நகரசபை முடிவெடுக்காவிட்டால், கட்டுபவர் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நகரசபையின் முடிவை எதிர்த்து அயலவர் அங்கே மேன்முறையீடு செய்யும் உரிமையை 2024இல் சட்டமூலம் 185 எடுத்துவிட்டது. சிறு விலக்குகளில் அது 2022இலேயே போயிற்று. கட்டுபவர் போனால், நீங்கள் பங்கேற்பாளர் தகுதி கேட்டு எழுத்தறிக்கை கொடுக்கலாம். தீர்ப்பாயம் வழக்கை ஒழுங்குபடுத்தக் கூட்டும் முதலாவது வழக்கு முகாமைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிடவேண்டும். தீர்ப்பாயத்துக்கு வெளியே சமரசப் பேச்சு நடக்கும்; அந்த அறையில் உங்களுக்கு இருக்கை இருக்காது. அங்கே உங்கள் முக்கிய கோரிக்கைகளைக் கொண்டுபோகக்கூடியவர் கவுன்சிலர். அவர் அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் அவற்றை முன்னுரிமை வரிசைப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்புதல் கிடைத்தபின் கட்டுமான முகாமைத் திட்டம் வரும். வேலி தெருவோரப் பாதையை எத்தனை மாதம் பிடிக்கும், வேலையாட்கள் வண்டியை எங்கே விடுவார்கள், கொங்கிறீற் லொறிகள் எந்தத் தெருவில் வரிசை நிற்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதன் பிரதியையும், தளத்தில் 24 மணி நேரமும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் முதல் குழி தோண்டுமுன் வாங்கி, கட்டட வாசலில் எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுங்கள்.